எம்.எல்.ஏ. ஆன முதலாளி கம்பெனியை விட வேண்டுமா?

வேட்புமனுத் தாக்கல் முடிந்த மறுநாள் செய்தித்தாள்களில் ஒரு பட்டியல் வரும். யாருக்கு எத்தனை கோடி சொத்து, எத்தனை கார், மனைவி பெயரில் எத்தனை பவுன். அந்தப் பட்டியலில் ஸ்பின்னிங் மில் முதலாளி, கல்லூரித் தாளாளர், கிரஷர் நடத்துபவர், ரோடு கான்ட்ராக்டர் என்று நான்கைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஜெயித்ததும் கேள்விகள் கிளம்பும். இனி தொழிலை விட்டுவிட வேண்டாமா? அரசு டெண்டர் எடுக்கலாமா? மகன் பெயரில் எடுத்தால்? குவாரி வைத்திருக்கலாமா? அமைச்சரானால் வேறு விதியா?

எல்லாவற்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அது நாம் எதிர்பார்க்கும் பதில் அல்ல. ‘லாபம் யாருக்குப் போகிறது?’ என்பதுதான் நம் கேள்வி. சட்டமோ பெரும்பாலும் ‘ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது?’ என்று மட்டும் கேட்கிறது. தொழிலதிபர் எம்.எல்.ஏ.க்களைச் சுற்றி வரும் சர்ச்சைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நடக்கின்றன.

தொழில் செய்வது தகுதிக் குறைவா?

இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சட்டமன்ற உறுப்பினருக்குக் கேட்பது குடியுரிமை, 25 வயது, நாடாளுமன்றம் வகுக்கும் பிற தகுதிகள். யார் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சொல்வது 191ஆவது பிரிவு. அதில் உள்ளவை:

1. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் (சட்டமன்றம் சட்டம் போட்டு விலக்கு அளித்த பதவிகள் தவிர).
2. மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர்.
3. திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு, அதிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாதவர்.
4. இந்தியக் குடிமகன் அல்லாதவர்.
5. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால் தகுதி இழப்பவர்.

வணிகம், தொழிற்சாலை, பங்கு, இயக்குநர் பதவி எதுவும் இதில் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும் ‘எம்.எல்.ஏ. ஒருவர் இயக்குநராக இருக்கக் கூடாது’ என்று எங்கும் சொல்லவில்லை. ஓர் அரசு ஊழியர் சொந்தமாகக் கடை போட நினைத்தால் நடத்தை விதிகள் குறுக்கே வரும். அவருக்கு மேலே உட்கார்ந்து பட்ஜெட்டுக்குக் கை தூக்கும் உறுப்பினருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. காலையில் மில்லுக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குச் சபையில் மின்கட்டணம் பற்றிப் பேசலாம். சட்டப்படி அதில் பிழையில்லை.

இதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. பொள்ளாச்சி நா. மகாலிங்கம் 1952, 1957, 1962 என்று மூன்று முறை காங்கிரஸ் வேட்பாளராக அந்தத் தொகுதியில் வென்றவர். அப்பா நாச்சிமுத்து கவுண்டர் தொடங்கிய ஆனைமலை பஸ் கம்பெனி, பிறகு சக்தி சர்க்கரை ஆலை என்று தொழில் வளர்ந்தபடியே இருந்தது. 15 ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தபோதும் அவர் தொழிலதிபர்தான். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக அவர் பாடுபட்டதைத்தான் அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் சொல்வார்கள். பஸ் ஓட்ட அரசு பெர்மிட் வேண்டும், ஆலை வைக்க அரசு உரிமம் வேண்டும். அப்படியிருந்தும் அவர் தகுதிக்கு ஏன் பங்கம் வரவில்லை என்பது இன்னும் சற்று நேரத்தில் விளங்கும்.

பட்டியலில் மூன்றாவதாக உள்ள திவால் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி நொடித்துப்போய் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அதன் இயக்குநர் திவாலானவர் ஆகிவிட மாட்டார். கம்பெனி வேறு, ஆள் வேறு. ஆனால் வங்கிக் கடனுக்கு அவர் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால் கதை மாறும். 2019 டிசம்பர் முதல் அப்படிப்பட்ட உத்தரவாததாரர்கள் மீதும் திவால் சட்டத்தின் கீழ் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடிகிறது. பெரிய கடன் வாங்கித் தொழில் செய்துவிட்டு அரசியலுக்கு வருபவர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அந்த உத்தரவாதப் பத்திரத்தை.

அரசு ஒப்பந்தம்: ஒரு பீடிக் கம்பெனி தொடங்கிவைத்த கதை

தொழிலதிபருக்கென்றே இருக்கும் உண்மையான தடை, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. அது ஏன் இப்போதுள்ள வடிவில் இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு.

அந்தச் சட்டம் முதலில் வந்தபோது தடை மிகவும் அகலமாக இருந்தது. ஒருவர் தானாகவோ, தனக்காக வேறொருவர் மூலமாகவோ, அரசுக்குப் பொருள் வழங்கும், வேலை செய்யும், சேவை அளிக்கும் ஒப்பந்தத்தில் பங்கோ நலனோ வைத்திருந்தாலே தகுதி போய்விடும். முதல் பொதுத் தேர்தலில் மக்களவைக்குத் தேர்வான சதுர்புஜ் விட்டல்தாஸ் ஜசானி இதில் சிக்கினார். அவர் கூட்டாளியாக இருந்த நிறுவனம் ராணுவத்தினருக்கான அரசு கேன்டீன்களுக்குப் பீடி சப்ளை செய்துவந்தது. சரக்கு போய்ச் சேர்ந்தாயிற்றே, ஒப்பந்தம் முடிந்துவிட்டதே என்ற வாதம் எடுபடவில்லை. பணம் வந்து சேரும்வரை ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதி போயிற்று.

அரசாங்க பில் பாஸாக எத்தனை மாதம் ஆகும் என்பது கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்புப்படி பார்த்தால், துறையில் ஒரு கிளார்க் ஃபைலை நகர்த்தாமல் வைத்திருந்தாலே எதிர்த்தரப்பு வேட்பாளரின் தகுதியைப் பறித்துவிடலாம். 1958இலும் 1966இலும் வந்த திருத்தங்கள் பிரிவைச் சுருக்கின. கூடவே ஒரு விளக்கமும் சேர்ந்தது: ஒப்பந்ததாரர் தன் பங்கை முழுமையாகச் செய்து முடித்துவிட்டால், அரசு இன்னும் பணம் தரவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் நிலுவையில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது.

அந்தக் குறை தீர்ந்தது சரி. ஆனால் அதே கையோடு ‘தனக்காக வேறொருவர் மூலமாக’ என்ற சொற்களும் ‘சேவை’ என்ற சொல்லும் போய்விட்டன. இது சின்ன மாற்றம் அல்ல.

9ஏ-வை ஒவ்வொரு சொல்லாகப் படித்தால்

இன்றைய பிரிவின் சாரம்: ‘உரிய அரசுடன், தம் வணிகத்தின் போக்கில், பொருள் வழங்கவோ அந்த அரசு மேற்கொள்ளும் வேலையைச் செய்யவோ, தாமே செய்துகொண்ட ஒப்பந்தம் நிலுவையில் இருக்கும்வரை’ ஒருவர் தகுதியற்றவர். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாசல்.

1. ‘உரிய அரசு’. எம்.எல்.ஏ.வுக்கு அது மாநில அரசு. ரயில்வேயிலோ தேசிய நெடுஞ்சாலையிலோ வேலை எடுத்திருந்தால் அது மத்திய அரசின் ஒப்பந்தம், 9ஏ தொடாது. பக்கத்து மாநிலத்தில் பாலம் கட்டினாலும் அப்படியே.

2. ‘பொருள், வேலை’. மருத்துவமனைக்குக் கட்டில் சப்ளை செய்தால் பொருள். பொதுப்பணித் துறைக் கட்டடம் கட்டினால் வேலை. செக்யூரிட்டி ஆட்கள் அனுப்புவது, ஆலோசனை சொல்வது போன்றவை வெறும் சேவை. அந்தச் சொல்தான் பிரிவிலிருந்து போய்விட்டதே.

3. ‘தாமே செய்துகொண்ட’. தனி உரிமையாளராகத் தொழில் செய்தால் நேராக மாட்டிக்கொள்வார். கூட்டாண்மை நிறுவனத்துக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. அதனால் நிறுவனம் போட்ட ஒப்பந்தம் கூட்டாளியையும் பிடிக்கும். பீடி வழக்கு அதைத்தான் காட்டுகிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி நபர். அதில் 90 விழுக்காடு பங்கு எம்.எல்.ஏ. கையில் இருந்தாலும் ஒப்பந்தம் கம்பெனியுடையது, அவருடையது அல்ல. மனைவி, மகன், மருமகன் பெயரில் எடுத்த ஒப்பந்தத்துக்கும் இதே கணக்கு, அது வெறும் பினாமி என்று யாராவது நிரூபிக்காதவரை.

4. ‘நிலுவையில் இருக்கும்வரை’. நேற்று முடிந்த ஒப்பந்தம் இன்றைக்குத் தடை இல்லை. எந்த நாளில் முடிந்தது என்பதுதான் சண்டை.

நான்காவது புள்ளியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நெடுஞ்சாலைத் துறையில் பதிவுபெற்ற ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது கிலோமீட்டர் சாலை போட்டு முடித்துவிட்டார். எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் துறைப் பதிவேட்டில், அளவு ஏறிவிட்டது. கடைசி பில் மட்டும் பாக்கி. அவர் தேர்தலில் நிற்கலாமா? பணம் வராதது தடையில்லை, மேலே சொன்ன விளக்கம் காப்பாற்றும். ஆனால் போட்ட சாலையில் இரண்டு வருடத்துக்குள் பள்ளம் விழுந்தால் தானே சரிசெய்து தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தால்? வேலையை ‘முழுமையாகச் செய்து முடித்துவிட்டார்’ என்று சொல்ல முடியுமா? வக்கீல்களின் வாதம் இங்கேதான் ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலுக்கு வருபவர் நிலை இன்னும் சிக்கல். ‘ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள்’ என்று கடிதம் கொடுத்த நாளா, துறை அதை ஏற்று உத்தரவு போட்ட நாளா? மனுப் பரிசீலனைக்கு முன்பே அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் நிம்மதி.

உரிமமும் குத்தகையும் ஒப்பந்தம் அல்ல

மகாலிங்கம் கதையில் விட்ட கேள்விக்கு வருவோம். பெர்மிட், லைசென்ஸ் எல்லாம் அரசு கொடுக்கும் அனுமதி. அரசுக்காக ஒருவர் செய்யும் வேலை அல்ல. எனவே அவை தடைக்குள் வருவதில்லை. பஸ் பெர்மிட், மதுபான ஆலை உரிமம், கல்லூரி அங்கீகாரம், மருத்துவமனை அனுமதி எல்லாம் இந்த ரகம்.

சுரங்கக் குத்தகையும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹரியானாவின் கர்தார் சிங் பதானா வழக்கில் சொன்னது. குத்தகை எடுத்தவர் தன் லாபத்துக்காகத் தோண்டுகிறார். தோண்டுவது அரசு மேற்கொண்ட வேலை அல்ல.

இந்த வாதம் சமீபத்தில் பெரிதாக அடிபட்டது ஜார்க்கண்டில். முதலமைச்சர் ஹேமந்த் சோரன் பெயரில், ராஞ்சி மாவட்டத்தில் ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில், 2021இல் கல் சுரங்கக் குத்தகை கிடைத்தது. சுரங்கத் துறையும் அவரிடமே இருந்தது. 9ஏ-வின்படி அவர் பதவி போக வேண்டும் என்று பா.ஜ.க. ஆளுநரிடம் புகார் கொடுத்தது. ஆளுநர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டார். 2022 ஆகஸ்டில் மூடிய உறையில் பதில் வந்தது. அந்த உறையில் என்ன எழுதியிருந்தது என்று ஆளுநர் மாளிகை அறிவிக்கவேயில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று ஆளாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருக்க, சோரன் பதவியில் தொடர்ந்தார்.

குத்தகையோ பெரிய தொழில் இல்லை, துண்டு நிலம். ஆனால் கையெழுத்துப் போடும் துறையும் கையெழுத்து வாங்கும் ஆளும் ஒருவரே என்பதுதான் ஊரார் கண்ணை உறுத்தியது. 9ஏ கேட்பது அதை அல்ல.

இதனால்தான் தொழில் பின்னணி உள்ள ஓர் உறுப்பினரின் உண்மையான நலன் எங்கே இருக்கிறது என்று பார்க்க டெண்டரை மட்டும் தேடினால் போதாது என்கிறேன். நிலத்தின் வகைப்பாடு மாறுவது, புறவழிச்சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்பது, மின்கட்டணச் சலுகை யாருக்கு என்பது எல்லாம் ஒப்பந்தமே இல்லாமல் ஒருவருடைய சொத்தை இரட்டிப்பாக்கக்கூடியவை. அதைத் தடுக்கும் பிரிவு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இல்லை.

படிவம் 26: ஐந்து வருடத்துக்கு ஒரு போட்டோ

தடை குறுகலாக இருப்பதால் வெளிப்படைத்தன்மையின் மேல் பாரம் ஏறுகிறது. வேட்புமனுவோடு தர வேண்டிய பிரமாணப் பத்திரம்தான் படிவம் 26. இது அரசியல்வாதிகள் மனமுவந்து கொடுத்தது அல்ல. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு விவரங்களை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்றது. அதே வருடம் நாடாளுமன்றம் அவசரமாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, தாங்கள் சொன்னதற்கு மேல் எந்த நீதிமன்றம் கேட்டாலும் தர வேண்டாம் என்று 33பி பிரிவைச் சேர்த்தது. 2003 மார்ச்சில் அந்தப் பிரிவு ரத்தானது.

பிறகு படிவம் படிப்படியாக நீண்டது. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு, வெளிநாட்டுச் சொத்து, வருமானத்தின் ஆதாரம் என்று சேர்ந்தன. தொழிலதிபர்களைப் பொறுத்தவரை முக்கியமான திருப்பம், 2018 பிப்ரவரியில் லோக் பிரஹரி என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அதன் பிறகு அரசு ஒப்பந்தங்களுக்கென்றே படிவத்தில் தனிப் பத்தி வந்தது. வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர், இந்துக் கூட்டுக் குடும்பம், டிரஸ்ட், கூட்டாண்மை நிறுவனம், அவர்கள் பங்கு வைத்திருக்கும் பிரைவேட் கம்பெனி ஆகிய ஒவ்வொன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எழுத வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 9ஏ தொடாத கம்பெனி ஒப்பந்தத்தைப் படிவம் 26 கேட்கிறது. தகுதி போகாது, ஆனால் ஒளிக்கவும் முடியாது. ஒளித்தால் என்ன ஆகும்?

- 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.
- சொத்தையும் வருமான ஆதாரத்தையும் மறைப்பது வாக்காளர் மீது முறையற்ற செல்வாக்குச் செலுத்துவதாகும் என்று 2018 தீர்ப்பே சொல்லியிருப்பதால், தேர்தல் வழக்கில் வெற்றியே செல்லாமல் போகலாம்.
- பத்தியைக் காலியாக விட்டு, தேர்தல் அதிகாரி நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடி ஆகலாம். 2013 தீர்ப்பு இது. ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும்.

அதற்காக வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் எழுதவில்லை என்று வழக்குப் போட்டால் எடுபடாது. அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதி உறுப்பினர் கரிக்கோ கிரி மீது வந்த வழக்கு, ஒரு ஸ்கூட்டர், ஒரு ஆம்னி வேன், ஒரு பைக் பற்றியது. விற்றும் கொடுத்தும் விட்ட வண்டிகள், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மறைத்தது கணிசமான மதிப்புள்ளதா, வாக்காளரின் முடிவைப் பாதிக்கக்கூடியதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது.

சரி, ஜெயித்த பிறகு? இங்கே ஒரு பெரிய ஓட்டை. நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர் பதவியேற்ற 90 நாளுக்குள் சொத்து, கடன் விவரத்தை அவைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்று 75ஏ பிரிவு சொல்கிறது. அது எம்.பி.க்களுக்கு மட்டும். மாநிலங்களவை உறுப்பினர்களின் இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவு பங்கு, ஊதியத்துடனான ஆலோசனைப் பணி போன்றவற்றைப் பதிய அந்த அவையில் தனிப் பதிவேடும் உண்டு. எம்.எல்.ஏ.வுக்கு இந்தச் சட்டம் அப்படி எதையும் கட்டாயமாக்கவில்லை. அடுத்த தேர்தலில் மறுபடி நின்றால்தான் அடுத்த போட்டோ. நிற்காவிட்டால் அதுவும் இல்லை.

அமைச்சரானால்

234 உறுப்பினர் கொண்ட தமிழக சட்டமன்றத்தில் முதலமைச்சரையும் சேர்த்து அதிகபட்சம் 35 பேர் அமைச்சராகலாம். உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கணக்கு அது. அந்த 35 பேரில் ஒருவர் தொழிலதிபர் என்றால் அவருக்குக் கூடுதலாக ஒரு நடத்தை நெறி இருக்கிறது. மத்திய உள்துறை வகுத்தது, மாநில அமைச்சர்களுக்கும் சேர்த்து. அது சொல்வது சுருக்கமாக:

1. பதவியேற்கும்போது சொத்து, கடன், தொழில் நலன்களை முதலமைச்சரிடம் தெரிவிக்க வேண்டும். பிறகு வருடாவருடம்.
2. தொழிலின் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். உரிமையை விட வேண்டியதில்லை.
3. அந்தத் தொழில் அரசுக்குப் பொருளோ சேவையோ தருவதாக இருந்தால் உரிமையையும் விட வேண்டும்.
4. பதவியில் இருக்கும்போது புதிய தொழில் தொடங்கக் கூடாது. அரசிடமிருந்து சொத்து வாங்குவதோ அரசுக்கு விற்பதோ கூடாது.

கவனித்தால், 9ஏ-வில் இல்லாத ‘சேவை’ இங்கே இருக்கிறது, நிர்வாகம் இருக்கிறது. உண்மையில் நாம் எதிர்பார்க்கும் விதி இதுதான். சிக்கல் ஒன்றே: இது சட்டம் அல்ல.

தமிழ்நாட்டில் இது தெளிவானது டான்சி வழக்கில். 1992இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, அவரும் சசிகலாவும் கூட்டாளிகளாக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், கிண்டியில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது. 2000இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதிசெய்தது. நடத்தை நெறிக்குச் சட்டத்தின் பலம் கிடையாது, அதை மீறியதற்காகக் குற்றவாளியாக்க முடியாது என்பது தீர்ப்பின் முக்கியமான பகுதி. அதே தீர்ப்பு, நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பித் தந்து மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் கைவிட்ட இடத்தில் நீதிபதிகள் மனசாட்சியைக் கூப்பிட்ட அபூர்வமான தீர்ப்பு அது.

புகார் யாரிடம் போக வேண்டும்?

இதில் செய்தியாளர்களே அடிக்கடி குழம்புகிறார்கள்.

- *தேர்தலுக்கு முன்பே இருந்த தகுதிக் குறைவு:* மனுப் பரிசீலனையில் தேர்தல் அதிகாரியிடம் ஆட்சேபம். அது போய்விட்டால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. நாள் தவறினால் அந்த வழி மூடிவிடும்.
- *ஜெயித்த பிறகு வந்த தகுதிக் குறைவு:* ஆளுநரிடம் புகார். அரசமைப்புச் சட்டத்தின் 192ஆவது பிரிவின்படி அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைப் பெற்று அதன்படி நடக்க வேண்டும். முன்பே இருந்த குறையை இந்த வழியில் கொண்டுபோக முடியாது என்பது, சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினர் சகா வெங்கட ராவ் வழக்கில் 1953இலேயே முடிவான விஷயம்.
- *லஞ்சம், வருமானத்துக்கு மீறிய சொத்து:* ஊழல் தடுப்புச் சட்டத்தில் எம்.எல்.ஏ.வும் பொது ஊழியர்தான். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். வாக்களிக்கவோ பேசவோ லஞ்சம் வாங்கினால் அவை உரிமை காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

கட்சித் தாவல் மட்டும் சபாநாயகரிடம் போகும். ஒப்பந்தப் புகாரோடு அவரிடம் போவதில் பயனில்லை.

சொத்துக் குவிப்பு வழக்கில் தொழிலதிபருக்கு ஒரு வசதி, ஒரு வில்லங்கம். சம்பளம் மட்டுமே உள்ளவரால் காட்ட முடியாத வருமானத்தை அவரால் காட்ட முடியும், கம்பெனிக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை நீதிமன்றம் தோண்டும். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் பல நிறுவனங்கள் பெயரளவுக்குத்தான் இருந்தன என்று கண்டு, அவற்றின் சொத்தை அவர் கணக்கிலேயே விசாரணை நீதிமன்றம் சேர்த்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை மீட்டது. ‘கம்பெனி வேறு, ஆள் வேறு’ என்பது 9ஏ-வுக்குத்தான் கவசம்.

உங்கள் தொகுதி உறுப்பினரின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால்

பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கின்றன. ஒரே ஆள் அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களில் கொடுத்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நல்ல வழி. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ‘ஐந்து வருடத்தில் மூன்று மடங்கு’ என்று பதறக் கூடாது. வாங்கிப்போட்ட நிலத்தின் சந்தை மதிப்பு ஏறினாலே அந்தக் கூட்டல் ஏறிவிடும். சர்வே எண்களை ஒப்பிட்டு, புதிதாக வந்த நிலம் எது, எந்தத் தேதியில் வாங்கியது, எந்தச் சாலை ஓரம் என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

அடுத்து, ‘சார்ந்திருப்போர்’ பத்தி. தனி வருமானம் இல்லாதவர்தான் இதில் வருவார். தொழிலை எடுத்து நடத்தும் வளர்ந்த மகனுக்குச் சொந்த வருமானம் இருப்பதால் அவர் பெயரே பத்திரத்தில் இருக்காது. முந்தைய பத்திரத்தில் இருந்த கம்பெனிப் பங்குகள் இந்த முறை காணாமல் போயிருந்தால், அவை எங்கே போயின என்று நிறுவனப் பதிவாளர் ஆவணங்களில் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, பங்கு மதிப்பு. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் சந்தை விலையை எழுத வேண்டும். சந்தைக்கு வராத குடும்ப பிரைவேட் கம்பெனி என்றால் கணக்குப் புத்தக மதிப்பை எழுதினால் போதும் என்று படிவமே சொல்கிறது. முப்பது வருடத்துக்கு முன் பத்து ரூபாய் முகமதிப்பில் போட்ட பங்கு, அந்தக் கம்பெனி இன்று நூறு ஏக்கரும் இரண்டு மில்லும் வைத்திருந்தாலும், பத்திரத்தில் சில லட்சமாகவே நிற்கலாம். பக்கத்து வரியில் காருக்கு எழுதிய தொகை அதைவிடப் பெரிதாக இருக்கும்.